அம்மா கையில் வண்டிச் சாவி



உங்கள் கைப்பையில் என்னென்ன அட்டைகள் இருக்கின்றன என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன்.

ரேஷன் கார்டு, நீங்கள் எந்தக் குடும்பம் என்று சொல்லும். வாக்காளர் அட்டை, யாருடைய மகள், யாருடைய மனைவி என்று சொல்லும். ஆதார், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொல்லும். எல்லாமே வேண்டியவைதான். ஆனால், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று சொல்கிற அட்டை ஒன்றாவது அதில் உண்டா?

பல வீடுகளில் அப்படிப்பட்ட அட்டை ஒன்றே ஒன்றுதான். டிரைவிங் லைசன்ஸ். அதிலும் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அது உறவினால் கைக்கு வந்ததில்லை. எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் பொறுத்திருந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் அத்தனை பேர் பார்க்க, காலை ஊன்றாமல் எட்டு போட்டு வாங்கியது. அந்த எட்டை உங்களுக்காக வேறு யாரும் போட்டிருக்க முடியாது.

நாற்பதைத் தாண்டி லைசன்ஸ் வாங்கிய பெண்களைக் கவனித்திருக்கிறேன். பர்ஸைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அதை வைத்திருப்பார்கள். போலீஸ் கேட்டால் சட்டென்று எடுத்துக் காட்டத்தான் என்பார்கள். காரணம் அது மட்டும்தானா?

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசினால், நாம் பெரும்பாலும் இரண்டு பலன்களைச் சொல்வோம். பொழுது நல்லபடியாகப் போகும். கையில் நாலு காசு சேரும். இரண்டும் உண்மைதான். ஆனால், இவற்றைவிடப் பெரிதாக ஒன்று நடக்கிறது என்று நினைக்கிறேன். 'என்னால் இவ்வளவுதான் முடியும்' என்று தனக்குத்தானே போட்டு வைத்திருந்த எல்லையை, கற்றுக்கொண்டவர் ஒருநாள் தாண்டிவிடுகிறார். அதன்பிறகு அவர் பழைய ஆள் இல்லை. வீட்டில் பேசும்போது, கடையில் கணக்குக் கேட்கும்போது, வங்கியில் வரிசையில் நிற்கும்போது அது தெரியும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே, முப்பது வருடத்துக்கும் முன்னால், ஒரு மாவட்டமே சாட்சியாக நின்றது. புதுக்கோட்டையைத்தான் சொல்கிறேன்.

1991-ல் அங்கே, பெரியவர்களுக்கு எழுத்தறிவு தருகிற அறிவொளி இயக்கம் வேகம் பிடித்தது. முந்தைய வருடம்தான் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, வீதி நாடகம், பாட்டு என்று ஊர் ஊராகப் போனார்கள். படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்த வந்தார்கள். படிக்க வந்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் உழைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோறும் ஆக்கி வைத்துவிட்டு, எழுத்துக் கற்க உட்கார்ந்தவர்கள்.

ஒரு சிக்கல் மட்டும் தீராமல் இருந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே தூரம். பஸ்ஸை நம்ப முடியாது. பாடம் நடத்துகிற பெண் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றால் நடக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணனோ அப்பாவோ சைக்கிளில் கொண்டுவந்து விட வேண்டும். அவர்களுக்கு வேலை இருந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை.

அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுப்போம் என்றார் அவர். நினைத்துப் பாருங்கள், எழுத்தறிவுத் திட்டத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! பஸ் போர்டைப் படிக்கக் கற்றவருக்கு, அந்த பஸ் வராத நாளிலும் ஊரைத் தாண்டிப் போக வழி வேண்டாமா? அறிவொளி வேலையில் சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு நடந்தது.

பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் சிலிர்ப்பாக இருக்கிறது. விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம சுகாதார நர்ஸுகள், சத்துணவுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், கல் பட்டை தீட்டுபவர்கள், டீச்சர்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பழக வந்தார்கள். ஏற்கெனவே பழகிய பெண்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த சைக்கிள் வாங்க வசதியில்லாத ஒரு டீச்சர், தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டினார். எங்கேயும் போவதற்காக இல்லை. ஓட்டுவதற்காகவே.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்காக யாரும் நிற்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். நடுவே இருக்கிற குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுதான் வசதி என்று சொன்ன பெண்களும் உண்டு. தண்ணீர் எடுக்க, விளைந்ததைப் பக்கத்து ஊர்களில் விற்க, வேலைக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் சைக்கிள் வந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்தே கழிந்த நேரம் மிச்சமானது.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். ஊர் அப்படியே நின்று பார்த்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு. பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளை விட்டுவிட்டால், அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல்! அந்தக் கட்டுரை 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. பிறகு என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பிடித்தது. வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் பாடமாகப் படித்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது என் ஆதங்கம்.

ஊர் சும்மா இருந்திருக்குமா? இல்லை. ரோட்டில் போகும்போது கேலி, காது கூசுகிற பேச்சு எல்லாம் இருந்தது. சைக்கிளில் போகிற பெண் நல்ல குடும்பத்துப் பெண்தானா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோதும் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் டாக்டரானார், சட்டசபைக்கும் போனார். ஊர்ப் பேச்சு அன்றும் இருந்தது, 1991-லும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டுத்தான் கற்றுக்கொள்வேன் என்றால் யாரும் எதையும் கற்க முடியாது.

சாய்நாத் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். சைக்கிளால் வந்த வருமானத்தை மட்டும் பேசினால் தப்பாகிவிடும். அது தந்த சுயமரியாதைதான் முக்கியம் என்கிறார். யோசித்தால் நமக்கும் அது சரி என்றே படும். அந்தப் பெண்கள் எல்லோருக்கும் வருமானம் கூடிவிடவில்லை. வீட்டு வேலை குறைந்துவிடவில்லை. ஆனாலும் அண்ணனுக்காகவும் அப்பாவுக்காகவும் திண்ணையில் காத்திருந்தவர், இப்போது காத்திருக்கவில்லை. போக வேண்டிய நேரத்தில் கிளம்பினார். அதுவே பெரிய மாற்றம் இல்லையா?

அந்த நாள்களில் புதுக்கோட்டையில் இன்னொன்றும் நடந்தது. கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். லோடு கணக்கு, பணக் கணக்கு என்று நேற்று வரை வேறு யாரோ பார்த்த வேலை அவர்கள் கைக்கு வந்தது. எழுத்து, சைக்கிள், கணக்கு என்று ஒன்று தெரிந்தவருக்கு அடுத்ததைக் கேட்கும் துணிச்சல் வந்திருக்கிறது பாருங்கள். இதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். சைக்கிள் ஓட்டக் கற்றால் சைக்கிள்தானே ஓட்ட வர வேண்டும்? அதற்கும், அதிகாரி முன்னால் நின்று கேள்வி கேட்பதற்கும் என்ன தொடர்பு?

இதற்கு ஓர் ஆராய்ச்சியில் விடை கிடைக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டுரா என்று ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தார். 2021-ல்தான் காலமானார். பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் ஆராய்ச்சி செய்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பாம்பைக் கையில் வைத்திருப்பதை முதலில் பார்க்கவைப்பார். பிறகு கதவருகே. பிறகு அறைக்குள். பிறகு கையுறை போட்டுத் தொடச் சொல்வார். ஒவ்வொரு படியிலும் துணைக்கு ஒருவர் இருப்பார். ஆனால் தொடுவது பயந்தவரேதான். வருடக்கணக்கில் பயந்துகொண்டிருந்தவர்கள் சில மணி நேரத்தில் பாம்பை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். அவர்களில் பலருக்குப் பாம்போடு சம்பந்தமே இல்லாத வேறு பயங்களும் குறைந்திருந்தன.

'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பண்டுரா 1977-ல் விரிவாக எழுதினார். அடுத்தவர் செய்வதைப் பார்த்து வரும். நாலு பேர் தைரியம் சொன்னால் வரும். ஆனால், எல்லாவற்றையும்விட உறுதியாக வருவது, தானே செய்து ஜெயித்த அனுபவத்திலிருந்துதான் என்பது அவர் முடிவு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது தெரியும். "தைரியமா இரு" என்று எத்தனை தடவை சொன்னாலும் வராத தைரியம், தனியாக ஒரு தடவை பேங்க்குக்குப் போய்விட்டு வந்தால் வந்துவிடுகிறதே!

சைக்கிளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். முதலில் பழகும்போது ஏன் விழுகிறோம்? வண்டி இடது பக்கம் சாய்ந்தால், பயத்தில் ஹேண்டில்பாரை வலது பக்கம் இழுக்கிறோம். உண்மையில் சாய்கிற பக்கமே கொஞ்சம் திருப்பினால்தான் வண்டி நிமிரும். மெதுவாகப் போனால் விழாது என்று நினைக்கிறோம். கொஞ்சம் வேகம் இருந்தால்தான் நிற்கும். இதை வாயால் எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. முட்டி சிராய்த்து, கை எரிந்து, திடீரென்று ஒரு நிமிடத்தில் உடம்புக்கே பிடிபட்டுவிடும். பிடிபட்டுவிட்டால், இருபது வருடம் தொடாமல் இருந்தாலும் மறக்காது. அன்றைக்குப் பெண்ணுக்குத் தெரிவது சைக்கிளைப் பற்றி மட்டும் அல்ல. 'எனக்கு வராது என்று இத்தனை வருடம் நினைத்தேனே, அது பொய்' என்பதும்தான். அந்த ஒரு பொய் உடைந்ததும், மற்றவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம்.

நம் தெருவில் யாரை எப்படி அடையாளம் சொல்கிறோம்? வேலை தெரிந்த பெண்களுக்கு அந்த வேலையே பெயராகிவிடுகிறது. தையக்கார அக்கா, பூக்காரம்மா, இட்லிக்கடை அக்கா, டீச்சரம்மா. மற்றவர்களை? "மூணாவது மாடியில இருக்காங்களே", "நம்ம ரம்யாவோட அம்மா". ரம்யாவோட அம்மா என்பது சந்தோஷமான பெயர்தான். ஆனால், அதே அம்மா ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு நாலு பிளவுஸ் தைத்துக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது? "ஆரி ஒர்க் பண்ணுவாங்களே, அவங்க பொண்ணுதான் ரம்யா" என்று பேச்சே திரும்பிவிடுகிறது. இது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகள் பெரியவர்களாகி வெளியூர் போன பிறகு பல அம்மாக்களுக்கு ஒரு வெறுமை வருகிறதே, அதை நாம் உடம்புக்கு ஏதோ என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். உடம்பைப் பார்க்க வேண்டியதுதான். கூடவே இதையும் யோசிக்கலாம். இருபத்தைந்து வருடம் 'யாருக்கோ என்னவோ' என்றே இருந்தவர், அந்த யாரோ ஊருக்குப் போனதும் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வார்? அவருக்கென்று ஒரு வித்தை, ஒரு கைத்திறமை இருந்தால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும்.

இது பெண்களுக்கு மட்டும் அல்ல. ரிட்டயர் ஆன அப்பாக்களைப் பாருங்கள். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் பெயரே அவர் பெயராக இருந்தது. பென்ஷன் ஆர்டர் வந்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்று தெரியாமல் பேப்பரை மூன்று தடவை படிக்கிறார். அவருக்கு ஒரு ரசம் வைக்க, ஒரு குக்கர் சாதம் வைக்கக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். "இன்னைக்கு ரசம் நான் வெச்சது" என்று பேரனிடம் சொல்கிற அந்தக் குரலைக் கேளுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்தால்தான் அம்மாவால் நாலு நாள் தங்கை வீட்டில் நிம்மதியாக இருக்க முடியும். "அவருக்கு ஒரு காபிகூடப் போட்டுக்கத் தெரியாது" என்று எத்தனையோ அம்மாக்கள் கல்யாண வீட்டிலிருந்து பாதியில் கிளம்பி வருகிறார்கள். ஒருவர் கற்பது இன்னொருவருக்கு விடுதலையாகவும் இருக்கும்.

இப்போது, உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்வதைத் தடுப்பது பெரும்பாலும் கோபமோ கண்டிப்போ இல்லை. அன்புதான் தடுக்கிறது.

அம்மா போனை எடுத்து ஜிபே திறக்கிறார். எதை அழுத்துவது என்று தேடுகிறார். பக்கத்தில் இருக்கிற மகன் என்ன செய்கிறான்? "குடும்மா, நான் பண்ணித் தரேன்." ஒரு நொடியில் பணம் போய்விடுகிறது. வேலை முடிந்தது. ஆனால் அம்மா கற்றது என்ன? இது என் கைக்கு உரிய வேலை இல்லை என்பதைத்தான். ஏ.டி.எம். கார்டைப் பையனிடமே கொடுத்து, பின் நம்பரையும் அவனிடமே சொல்லி வைத்திருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! பணம் அவர் பெயரில். எடுக்கத் தெரிந்தது மகனுக்கு.

பயம் நியாயமானது. தினமும் மோசடிச் செய்தி வருகிறதே. அதற்காக ஒதுங்கி நிற்காமல், பயம் குறைகிற மாதிரி பழகலாம். ஒரு சின்னக் கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரம் மட்டும் வைத்து, அதை மட்டும் யுபிஐ-யில் இணையுங்கள். முதலில் தெருமுனைக் கடையில் கீரைக்கு இருபது ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு விஷயங்களை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வரப்போகுது, பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது திருட்டு. தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவு தெரிந்த அம்மாவை ஏமாற்றுவது, ஒன்றும் தெரியாமல் பிறரையே நம்பியிருக்கிற அம்மாவை ஏமாற்றுவதைவிடக் கஷ்டம்.

சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். தப்பான பட்டனை அழுத்தினால் அவரே திரும்பி வரட்டும். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி ஆகும், ஆகட்டுமே. நமக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தபோது அவர் கடிகாரம் பார்த்தாரா?

ஸ்கூட்டர் விஷயத்திலும் இதே கதைதான். 2018-ல் வேலைக்குப் போகிற பெண்களுக்கு மானியத்தில் இருசக்கர வாகனம் தருகிற திட்டம் வந்தது நினைவிருக்கும். விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகக் கிடைத்தது. விண்ணப்பிக்க லைசன்ஸ் கேட்டார்கள் என்பதால் எத்தனையோ பெண்கள் அதற்காகவே வண்டி பழகினார்கள். நல்ல விஷயம். ஆனால், அம்மா பெயரில் வாங்கிய வண்டியில் மகன் காலேஜ் போக, அம்மா ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிற வீடுகளும் இருக்கின்றன. ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. சாவி அவர் கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் தொடாமல் விட்டால், புதிதாக வந்த தைரியம் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். கற்ற புதிதில்தான் தினமும் ஓட்ட வேண்டும்.

பெண்பிள்ளைகள் கையில் வண்டி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரில் கணக்கே எடுத்திருக்கிறார்கள். அங்கே 2006-ல், ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தனியாக நடந்துபோகப் பயந்த ரோட்டில், கூட்டமாக சைக்கிளில் போனார்கள். நம் ஊரில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுப்பதால், நாம் நீண்ட காலமாகப் பார்த்துவருகிற காட்சிதான் இது. அந்த சைக்கிளை வந்த விலைக்கு விற்றுவிடாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. கீபோர்டு, அபாகஸ், சிலம்பம், செஸ், கோடிங் என்று ஒரே பிள்ளையை ஐந்து வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோரும் நம் வாசகர்களில் உண்டு. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால், எதையும் தடுமாறிப் பழகி, தானே பிடிபட்டு, 'இது என்னுடையது' என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஐந்து சான்றிதழைவிட, யாரும் சொல்லாமலே எடுத்து வாசிக்கிற ஒரு கீபோர்டு மேல். எது பிடிக்கிறது என்று அவர்களையே கேளுங்கள்.

அதேபோல, பெரியவர்களைக் குறிவைத்து வருகிற விளம்பரங்களிலும் எச்சரிக்கையாக இருங்கள். வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம் என்று சொல்லி, முன்பணமாகப் பெரிய தொகை கேட்டால் விலகிவிடுங்கள். தைக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்பதும் படிப்புதான்.

"இந்த வயசுக்கு மேல எதுக்கு?" இதுதான் அடுத்து வருகிற கேள்வி. வெளியில் இருப்பவர்களைவிட நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது அதிகம். அமெரிக்காவில் பெண்கள் உரிமைக்காகப் பாடுபட்ட பிரான்சிஸ் வில்லார்ட், தன் 53-வது வயதில் சைக்கிள் கற்றார். அதை எப்படிக் கற்றேன் என்று 1895-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவ்வளவு தூரம் போவானேன்? ஆலப்புழை கார்த்தியாயினி அம்மாவைத் தெரியும் அல்லவா? பள்ளிக்கூடம் பக்கமே போகாமல், வாழ்நாளெல்லாம் துப்புரவு வேலையும் வீட்டு வேலையும் செய்தவர். கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வை 2018-ல் எழுதினார். வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண், முதலிடம். அடுத்து கம்ப்யூட்டர் கற்க ஆசை என்றார். கல்வி அமைச்சர் லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தார். 2020-ல் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கினார். பிள்ளைகளைப் பெற்று, பேரன் பேத்தி எடுத்து, எல்லாப் பெயரும் வாங்கிய பிறகும், 'மாணவி' என்று ஒரு புதுப் பெயர் அவருக்குக் கிடைத்தது.

வயது ஆக ஆகக் கற்பது மெதுவாக நடக்கும் என்பது உண்மைதான். முட்டி வலிக்கும், கண்ணாடி வேண்டியிருக்கும், நேற்றுப் படித்தது இன்று மறக்கும். ஆனால் அவசரம் என்ன? தேர்வு வைப்பவர் யாரும் இல்லையே. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். அந்த அரை மணியை வீட்டில் இருப்பவர்கள் மதிக்க வேண்டும், அவ்வளவுதான். "அம்மா பாட்டு கிளாஸ்ல இருக்காங்க, பால் நான் வாங்கிட்டு வரேன்" என்று ஒருவர் எழுந்தால் வேலை நடந்துவிடும். ஆரம்பத்தில் சுருதி சேராது, தையல் கோணலாகும், வண்டி சுவரில் போய் இடிக்கும். அப்போது சிரிக்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவும் வேண்டாம். "நேத்தைவிட இன்னைக்குப் பரவாயில்லைம்மா" என்பது உண்மையாகவே இருக்கும், அதைச் சொல்லுங்கள்.

அடுத்த சில இதழ்களில், முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக ஒன்றைக் கற்றவர்களின் அனுபவங்களை வெளியிட ஆசைப்படுகிறோம். நீச்சல், பைக், தவில், ஆங்கிலம், மாடித்தோட்டம், எலக்ட்ரிக் வேலை, எதுவாக இருந்தாலும் சரி. வருமானம் வந்ததா என்பது முக்கியமில்லை. எந்த நாளில் பிடிபட்டது, அன்றைக்கு யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கடிதமாக எழுத முடியாதவர்கள் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

கற்றுக்கொடுத்தவர்களும் எழுத வேண்டும். அம்மாவுக்கு ஸ்கூட்டர் பழக்கிய மகள், மாமியாருக்கு ஏ.டி.எம். சொல்லிக்கொடுத்த மருமகள், மனைவியிடம் சாம்பார் கற்ற கணவர், அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அந்த மனைவி, எல்லோரும்தான். முக்கியமாக, "குடு, நானே பண்றேன்" என்று வாய் வரை வந்ததை எப்படி அடக்கினீர்கள் என்று எழுதுங்கள். நிறைய வீடுகளுக்கு அது உடனடியாகப் பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்